குழந்தைகள் திட்டத்துக்குத் தகவல் சேகரிப்பது: பதினோரு பக்கப் படிவத்தை என்ன செய்வது?

கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்தின் சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் மாலை நேரப் படிப்பு மையங்களும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துப் பணியும் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் நீங்கள் கள ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பணம் தரும் அமைப்பு பதினோரு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பி, ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பச் சொல்கிறது. எந்த ஆப்பில் ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, குழந்தைகளிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாமா, போட்டோ எடுக்கலாமா என்றும். ஆப் விஷயத்துக்கு ஒரு வரி போதும்: கோபோ, ஓ.டி.கே. இரண்டும் சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும், எதை எடுத்தாலும் சரிதான். ஆனால் உங்கள் சிக்கல் ஆப்பில் இல்லை. அந்தப் பதினோரு பக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காமலேயே படிவம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் படித்தது ஊட்டச்சத்து. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் குழந்தைகள் திட்டங்களில் கண்காணிப்பு வேலையை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். சட்டம் என் துறை அல்ல; அந்த இடத்தில் நான் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பென்சிலால் ஒன்று எழுதுங்கள்: இதற்கு வரும் பதிலைப் பார்த்துவிட்டு, யார், எப்போது, என்ன செய்வார்? "டீச்சர் அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போவார்" என்பது மாதிரி எழுத முடிந்தால் கேள்வி இருக்கட்டும். "ரிப்போர்ட்டில் போடலாம்" என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை என்றால் அடித்துவிடுங்கள். குழந்தையின் ஆதார் எண், சாதிச் சான்றிதழ் எண், அப்பா குடிப்பாரா, வீட்டில் எத்தனை ஆடு என்பதெல்லாம் இந்தச் சோதனையில் பெரும்பாலும் விழுந்துவிடும்.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற கொள்கை இல்லை. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் நடத்திப் பார்த்த இடம் கொட்டாம்பட்டி ஒன்றியம். சிங்கம்புணரிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தேறினால் நிறுத்தினார்கள், தேறாவிட்டால் தொடர்ந்தார்கள். ஓர் எண், அதை ஒட்டி ஒரு முடிவு, அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் ஊரிலேயே இருந்த பணியாளரிடம். அந்த எடை எண் மேலே போய் அறிக்கை ஆனது பிறகுதான். எடை போடுவது மட்டுமே ஒரு குழந்தையைத் தேற்றிவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. எடையைப் பார்த்து அம்மாவிடம் பேச ஆளும் நேரமும் இல்லாத இடங்களில் பலன் குறைவு என்பதுதான் பரவலான அனுபவம். ஆனால் முடிவெடுக்காத எடை வீண் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்து, ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சேகரிக்காதீர்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். 2021இலிருந்து போஷன் டிராக்கர் செயலியிலும் எடை, உயரம் ஏற்றுகிறார்கள். தடுப்பூசி விவரம் தாய் சேய் நல அட்டையில் இருக்கிறது. உங்கள் பணியாளர் போய் அதே குழந்தையை அதே மாதம் மறுபடி தராசில் ஏற்றினால், அம்மாவுக்குச் சலிப்பு, அங்கன்வாடி டீச்சருக்குச் சந்தேகம். குழந்தை அழுவது தனிக்கதை. வட்டார அலுவலரிடம் முறையாக அனுமதி வாங்கி, டீச்சரோடு சேர்ந்து உட்கார்ந்து, இருக்கிற பதிவில் கொஞ்சம் குழந்தைகளை மட்டும் மறு அளவு எடுத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் அவருடைய எண்ணையே பயன்படுத்தலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தராசைச் சோதியுங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம். அளவு தெரிந்த ஒரு கல்லோ, பிரிக்காத அரிசிப் பையோ போதும்.

அளவெடுப்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும், ஆகவே இந்த மாதம் ஒரு முறை, அடுத்த மாதம் வேறு முறை என்று மாற்றக் கூடாது. ஆறு மாதம் முதல் 59 மாதம் வரை, இடது மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 115 முதல் 125க்குள் என்றால் மிதமானது. இதை அளக்கும் கைப்பட்டை விலை குறைவு, கற்றுக்கொடுப்பது சுலபம், உங்கள் மாதிரிச் சிறு நிறுவனத்துக்கு ஏற்றது. ஆனால் கைப்பட்டை காட்டும் குழந்தைகளும், உயரத்துக்கேற்ற எடை காட்டும் குழந்தைகளும் முழுக்க ஒரே ஆட்கள் இல்லை. ஒன்றில் தப்புகிறவர் மற்றதில் அகப்படலாம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோல் நம் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கடுமை என்று சொல்லும் இந்திய மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த அளவுகோலுக்கான ஆய்வு நடந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பது மறுதரப்பின் பதில். அந்த வழக்கை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அரசு எதைப் பயன்படுத்துகிறதோ அதையே வைத்துக்கொண்டால் ஒப்பிட முடியும்.

வயதுதான் பெரிய தலைவலி. இரண்டு வயதை ஒட்டிய குழந்தை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும், பிறந்த தேதியில் இரண்டு மாதம் பிசகினால் நல்ல குழந்தை குட்டையாகத் தெரியும், குட்டையான குழந்தை நன்றாகத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, அம்மாவும் திருப்பூரில் என்றால் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளரும். அட்டை அம்மாவோடு போயிருக்கும். "பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டின அன்னைக்கு வலி எடுத்துச்சு" என்று அப்பத்தா சொல்வார். அதை அலட்சியம் செய்யாதீர்கள். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, குன்றக்குடிப் பங்குனி உத்திரம், சிராவயல் மஞ்சுவிரட்டு, ஆடிப் பதினெட்டு, கஜா புயல் என்று ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும் நாட்களை வருஷ வாரியாக ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பணியாளரிடமும் கொடுத்துவிடுங்கள். அதை வைத்து மாதத்தைப் பிடித்துவிடலாம். பிறகு எல்லாத் தரவும் வந்ததும் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். எடையும் உயரமும் பாதிக்கு மேல் 0, 5 என்றே முடிந்தால் யாரோ கண்ணால் பார்த்து முழுமையாக்கி எழுதுகிறார். வயதெல்லாம் 12, 24, 36 மாதம் என்று வந்தால் யாரும் தேதி கேட்கவில்லை. கைச்சுற்றளவு வரிசையாக 126, 127 என்று வந்தால், 125க்குக் கீழே எழுதினால் வரும் கூடுதல் வேலைக்கு யாரோ பயப்படுகிறார் என்று அர்த்தம். அந்த வேலையைக் குறைக்கும் வழி பாருங்கள். திட்டினால் அடுத்த மாதம் எண்கள் இன்னும் அழகாக வரும்.

இனி, செட்டிநாட்டுக்கே உரிய ஒரு தொல்லை. மற்ற இடங்களில் எழுதப்பட்ட கையேடுகள் "ஒவ்வொரு ஐந்தாவது வீட்டிலும் கதவைத் தட்டு" என்று சொல்லும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ அதை அப்படியே செய்தால் கதை கந்தலாகிவிடும். இங்கே பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். ஒரே வீடு இரண்டு முறை எண்ணப்படும். முகப்பில் பூட்டுத் தொங்கும், "வீடு பூட்டியிருக்கிறது" என்று பணியாளர் எழுதிவிட்டுப் போவார். பின்கட்டுப் பக்கம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் இருக்கும், அங்கே இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது. நடுமுற்றமான வளவைச் சுற்றிப் பங்காளிகள் பிரித்துக்கொண்ட அறைகளில் தனித்தனி அடுப்பு எரிந்தால் அது ஒரு வீடா, நான்கு வீடா? நகரத்தார் கணக்கில் கல்யாணம் ஆனவர் ஒரு புள்ளி. கோயில் வரிக்கு அது சரியான அலகு, பல தலைமுறையாக நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாத பிள்ளை அதில் தனியாக எண்ணப்படுவதில்லை. எந்தக் கணக்கும் எதற்காக உண்டானதோ அதைத்தான் பார்க்கும். ரேஷன் கார்டும் அப்படித்தான். அப்பத்தாவிடம் வளரும் பிள்ளை திருப்பூர்க் கார்டில் இருப்பான். உங்கள் கணக்குக்கு நான் பரிந்துரைப்பது: நேற்று இரவு இந்த அடுப்பில் சாப்பிட்டு இங்கே தூங்கிய 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் யார் யார் என்று கேளுங்கள். முகப்பு பூட்டியிருந்தால் பின்வாசலுக்குப் போவது கட்டாயம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள். ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் பட்டறைகளை ஒட்டிய குடியிருப்பு, செங்கல் சூளை, கண்மாய்க் கரையில் பருவத்துக்கு வந்து தங்கும் குடும்பங்கள், இவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. கணக்கெடுப்பு ஊரில் தொடங்கி, வெயில் ஏறி, காலனிக்குப் போகும் முன்பே "இன்றைய எண்ணிக்கை முடிந்தது" என்று நின்றுவிடும். வேண்டுமென்றே செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். காலனியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி எண்ணிக்கை வைத்து, ஆண், பெண், வயது, மாற்றுத்திறன் என்று பிரித்துப் பாருங்கள். மாற்றுத்திறனைப் பற்றி "ஊனம் உண்டா?" என்று கேட்டால் பெற்றோர் இல்லை என்பார்கள். யுனிசெபும் மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழுவும் சேர்ந்து உருவாக்கிய கேள்வித் தொகுப்பு, அந்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது நடப்பதிலோ பேச்சைப் புரிந்துகொள்வதிலோ சிரமம் இருக்கிறதா என்று கேட்கும். அந்த முறையில் உண்மை வெளிவரும்.

படிப்பு மையங்களுக்கு வருகிறேன். பள்ளி மதிப்பெண்ணைத் திரட்டாதீர்கள், அதைக் கொண்டு உங்கள் மையத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வின் வாசிப்புச் சோதனை எளியது: எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுதான் நிலை. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்காரவைத்துச் செய்யுங்கள். நான்கைந்து வேறு தாள்கள் வைத்திருங்கள், ஒன்றே என்றால் மூன்றாவது பிள்ளை காதில் விழுந்ததை ஒப்பித்துவிடும். இந்தச் சோதனையின் முடிவு அன்றைக்கே ஆசிரியருக்குப் பயன்படும். சொல் நிலையில் இருப்பவர்களை ஒரு வட்டமாக உட்காரவைக்கலாம்.

எண்களை அறிக்கையாக்கும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. தினம் 40 பிள்ளைகள் 30 நாள் வந்தால் "1200 குழந்தைகள் பயன்பெற்றனர்" என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது 40 குழந்தைகள்தான். இரண்டாவது, சின்ன எண்ணிக்கை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 14.6% பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். 40 குழந்தைகள் உள்ள ஊரில் அந்தக் கணக்குப்படி ஏறக்குறைய ஆறு பேர். அடுத்த வருஷம் நான்கு பேர் என்றால் மகிழ்ச்சி, ஆனால் அது திட்டத்தின் வெற்றி என்று சொல்ல இடமில்லை. ஒன்றும் செய்யாமலே அப்படி ஆகலாம். ஒவ்வொரு ஊருக்கும் சதவீதம் போடாதீர்கள். ஒரு மேற்பார்வைப் பகுதிக்கு 19 குழந்தைகளைக் குலுக்கலில் எடுத்து, "இந்தப் பகுதி இலக்கைத் தொட்டதா, இல்லையா" என்று மட்டும் பார்க்கும் முறை ஒன்று பொதுச் சுகாதாரத்தில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு முதலில் ஓட வேண்டும் என்று அது காட்டும். ஐந்து பகுதிகளைச் சேர்த்தால் 95 குழந்தைகள். அப்போது மொத்தத்துக்கு ஒரு சதவீதம் சொல்லலாம், பத்துப் புள்ளி முன்னே பின்னே என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பருவம். தை அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும்போது முதல் கணக்கெடுப்பு, ஐப்பசி மழையில் வயிற்றுப்போக்குக் காலத்தில் கடைசிக் கணக்கெடுப்பு என்று வைத்தால் உங்கள் திட்டம் குழந்தைகளை இளைக்கவைத்ததாகத் தெரியும். மாற்றி வைத்தால் அதிசயம் நடந்ததாகத் தெரியும். ஒரே மாதத்தில் எடுங்கள்.

மாற்றம் உண்மையிலேயே வந்தாலும் அது உங்களால்தான் வந்தது என்று சொல்வது வேறு விஷயம். சத்துணவு இருக்கிறது, 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் இருக்கிறது. பிள்ளை தேறியதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டுக் கிராமங்களும் பெரிய ஆய்வும் வேண்டும். அதற்கு உங்களிடம் பணம் இல்லை, இருந்தாலும் அதில் போடச் சொல்ல மாட்டேன். "இந்த மாற்றம் நடந்தது, நாங்கள் செய்தது இது, மற்றவர்களும் இவற்றைச் செய்தார்கள்" என்று எழுதினால் நேர்மை.

குழந்தைகளிடம் கேட்கலாமா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மையத்துக்கு ஏன் வரவில்லை என்பது அம்மாவைவிடப் பிள்ளைக்குத்தான் தெரியும். வரும் வழியில் நாய் இருக்கிறது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, அண்ணன்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று வரும் பதில்களை வைத்து உடனே ஏதாவது செய்ய முடியும். பெற்றோர் சம்மதம் வாங்கிய பிறகும் பிள்ளையிடம் தனியே கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மற்றவர் கண்ணில் படும் இடத்தில், காதில் விழாத தூரத்தில் பேசுங்கள். திண்ணை அதற்கு நல்ல இடம். ஆனால் படிவத்தின் எட்டாம் பக்கத்தில் இருப்பதாக நீங்கள் சொன்ன அடி, தொடுதல் பற்றிய கேள்விகளை நீக்கிவிடுங்கள். அப்படிக் கேட்பதற்குப் பயிற்சி பெற்ற ஆளும், பதில் வந்தால் அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் வேண்டும். நீங்கள் கேட்காமலே ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதோடு தகவல் சேகரிப்பு முடிந்தது. குறுக்கு விசாரணை வேண்டாம். பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 1098 எண் ஒவ்வொரு பணியாளர் கையிலும் இருக்கட்டும்.

போட்டோவில், பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சீருடை, ஊர்ப் பெயர் நான்கும் சேரக் கூடாது. எடை குறைந்த பிள்ளையின் படம் எதற்கு? அந்தப் பிள்ளைக்கே கல்யாண வயதில் அதைப் பார்க்க நேரும். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நாளைக்கே நிறுத்துங்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது. பெயர் ஒரு நோட்டில், குறியீட்டு எண் வேறு கோப்பில் என்று பிரித்துவைப்பது சட்டம் வராத காலத்திலும் நல்ல பழக்கம்தான்.

பேரிடர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. போனில் கணக்கெடுப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லை. காகிதப் படிவம் ஒரு கட்டு எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் வீடு வீடாகப் போகாதீர்கள். ஊருக்கு ஒரு பக்கம் போதும்: குடிநீர் உண்டா, பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டதா, பெற்றோரைப் பிரிந்த பிள்ளை யாராவது உண்டா, கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள், இரவில் முகாமில் வெளிச்சம் இருக்கிறதா. பக்கத்தில் வேலை செய்யும் மற்ற அமைப்புகளோடு அதைப் பகிர்ந்தால், ஒரே தாய் ஒரே நாளில் மூன்று பேருக்கு அதே பதிலைச் சொல்ல வேண்டியிருக்காது. மனிதாபிமான உதவியில் குழந்தைகள் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரநிலைகள் என்று ஒரு நூல் உண்டு, 2019இல் திருத்தி வெளியிட்டார்கள், மொத்தம் 28 தரநிலைகள். தகவல் பற்றிய ஐந்தாவதையும் கண்காணிப்பு பற்றிய ஆறாவதையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பணம் தருபவர் படிவத்தை வெட்டினால் கோபிப்பாரோ என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருந்த பயம் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் கோபிப்பதில்லை. அந்தப் படிவத்தை அவர்களே முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். பென்சிலால் எழுதிய பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். எந்தக் கேள்வியை வைத்துக்கொண்டோம், அதை வைத்து என்ன செய்வோம், ஒரு குழந்தைக்கு எத்தனை நிமிஷம் ஆகும், பணியாளர் சம்பளத்தில் அது எவ்வளவு என்று ஒரு பக்கக் கடிதம் சேருங்கள். நிமிஷக் கணக்கைப் பார்த்தால் பொதுவாக இறங்கிவருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதை வாசிப்புக்கு ஆறு மாதம், உயரத்துக்கு ஆறு மாதம், கைப்பட்டைக்கு மட்டும் மாதம் ஒருமுறை என்று மாற்றக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது; அதில் இரண்டில், பெயர் இல்லாமல், ஊர்க் கணக்கை மட்டும் வாசித்துக்காட்ட அறிக்கைச் செலவில் ஒரு சிறு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்ப இங்கே எழுதுங்கள், கடிதத்தைச் சேர்ந்து பார்ப்போம்.